புரி கெட்ட போல்ட்டுகளும் அவற்றைச் சீர்செய்யும் முறையும்
(அப்புத்தளைக் கமக்காரர்களுக்கு ஆற்றிய உரை)



பிடுங்கிக் கழுவிய கரட்டும் வெட்டி அடுக்கிய கோவாவும் வாகனம் வரும்வரை காத்திருப்பதில்லை. நீர் கட்டிய வயலும் உழவு இயந்திரத்துக்காக நெடுநாட் பொறுக்காது. இவ்வாறிருக்க, விரலளவான ஒரு போல்ட்டின் புரி கெட்டமையால் ஒரு நாள் வேலை முழுவதும் நின்றுவிடுவதுண்டு. அப்புரியை எப்போது வீட்டிலேயே சீர்செய்யலாம், எப்போது அதிற் கைவைத்தலாகாது என்பவற்றையே இன்று உங்களுக்கு எடுத்துக்கூற விரும்புகின்றேன்.

புரி கெடுவதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்களே உள. ஒன்று, பொருந்தாத போல்ட்டை வலிந்து முறுக்குதல். மற்றையது, அளவுக்கு மிஞ்சி இறுக்குதல். முதலாவது காரணம் நமது நாட்டில் மலிந்திருப்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 1950களில் றே விஜேவர்தன அவர்களின் முயற்சியால் இங்கு பரவிய லாண்ட்மாஸ்டர் என்னும் இருசில்லு உழவு இயந்திரம் இங்கிலாந்திற் செய்யப்பட்டது. பழைய மாசி பெர்குசன் இயந்திரங்களும் அவ்வாறே. இவற்றின் போல்ட்டுகள் அங்குலக் கணக்கில் அமைந்தவை. பின்னர் வந்த குபோட்டா முதலிய யப்பானிய இயந்திரங்களின் போல்ட்டுகளோ மில்லிமீற்றர்க் கணக்கில் அமைந்தவை. கழற்றிய பழைய போல்ட்டுகள் யாவும் ஒரே தகரப் பேணியிற் கலந்து கிடக்கின்றன.

5/16 அங்குலப் போல்ட்டின் பருமன் 7.94 மில்லிமீற்றர். அதனை 8 மில்லிமீற்றர்ப் போல்ட்டிலிருந்து கண்ணாற் பிரித்தறிதல் அரிது. ஆயினும் சாதாரண 5/16 அங்குலப் போல்ட்டில் ஓரங்குல நீளத்துக்கு 18 புரிகள் உள்ளன. அதாவது புரிக்குப் புரி 1.41 மில்லிமீற்றர். சாதாரண 8 மில்லிமீற்றர்ப் போல்ட்டில் இவ்விடைவெளி 1.25 மில்லிமீற்றர் மட்டுமே. ஆகவே ஒன்றன் துளையில் மற்றொன்று சில சுற்றுகள் சென்று சிக்கிக்கொள்ளும். அதனைத் துரு என எண்ணிச் சாவியால் முறுக்குவோமாயின் துளையின் புரி வழித்துக்கொண்டு வந்துவிடும்.

எனவே எந்தப் போல்ட்டையும் முதலில் விரல்களாலேயே நான்கைந்து சுற்று பூட்டிப் பாருங்கள். விரலுக்கு இணங்காததைச் சாவியால் இணங்கச் செய்தலாகாது. ஐயம் இருப்பின், சரியான போல்ட்டையும் புதியதையும் புரியோடு புரி பொருத்தி வெளிச்சத்திற் பிடியுங்கள். இடையில் வெளிச்சம் தெரிந்தால் அவை வெவ்வேறு இனம்.

இனிச் சீர்செய்யும் முறைக்கு வருவோம். முதலிற் கெட்டது போல்ட்டா, துளையா என்பதை அறிதல் வேண்டும். கழற்றிய போல்ட்டின் புரியிடையே வெள்ளிய அலுமினியச் சுருள் ஒட்டியிருப்பின் கெட்டது துளையே. போல்ட்டு மட்டும் கெட்டிருப்பின், அதே அளவும் அதே வலுக்குறியும் உள்ள புதியதை வாங்குவதே சிக்கனம்.

துளையின் வாய்ப்புரி மட்டும் நசுங்கியிருப்பின் புரி வெட்டும் டாப் கருவியால் அதனைத் துலக்கலாம். அக்கருவி இல்லாவிடின், அதே அளவுள்ள நல்ல உருக்குப் போல்ட்டில் நீளவாட்டில் மூன்று காடிகளை வாளால் வெட்டிப் பிசிறு நீக்கிப் பயன்படுத்தலாம். எண்ணெயிட்டு, அரைச் சுற்று முன்னும் காற்சுற்றுப் பின்னுமாகத் திருப்புங்கள். இது துலக்குவதற்கேயன்றிப் புதுப்புரி வெட்டுவதற்கு உதவாது.

மேற்புரி முற்றாகக் கெட்டு அடியிற் புரி எஞ்சியிருப்பின் நீளங்கூடிய போல்ட்டு உதவும். புரி பற்றும் ஆழம் உருக்கில் போல்ட்டின் பருமன் அளவும், அலுமினியத்தில் அதன் ஒன்றரை மடங்கும் குறையாதிருத்தல் வேண்டும். போல்ட்டின் நுனி துளையின் அடியில் முட்டுகின்றதா என்பதையும் ஈர்க்கால் அளந்து பாருங்கள். முட்டினால் போல்ட்டு இறுகியதுபோலத் தோன்றும். ஆனால் பாகம் இறுகாது.

புரி முழுவதும் போயிருப்பின் இரு வழிகள் உண்டு. சுற்றுச்சுவர் தடிப்பாயின் துளையைப் பெருப்பித்து அடுத்த அளவுப் புரி வெட்டலாம். சாதாரண 10 மில்லிமீற்றர்ப் புரிக்கு 8.5 மில்லிமீற்றர்த் துளை வேண்டும். சுவர் மெல்லியதாயின் கம்பிச்சுருள் இடுதல் நன்று. இச்சுருளுக்கென உள்ள தனி டாப் கருவியால் புரி வெட்டி, சுருளின் மேல்முனை மேற்பரப்பிலிருந்து காற்சுற்று முதல் அரைச் சுற்று வரை கீழே நிற்கும்படி பூட்டுதல் வேண்டும். அதன்பின் பழைய அளவுப் போல்ட்டையே பயன்படுத்தலாம். துளை எஞ்சினின் உட்பக்கம் திறப்பதாயின் துளைக்கும் அலகில் கிரீஸ் பூசி உலோகத் தூளைப் பிடித்தெடுங்கள். ஓயில் வடிக்கும் துளையாயின் சிறிது ஓயில் ஊற்றிக் கழுவி விட்ட பின்னரே மூடுங்கள்.

சணல் சுற்றுதல், பசை அடைத்தல், தகரத் துண்டு செருகுதல் ஆகியன பரிகாரமல்ல. அவை இறுகிய தோற்றத்தை மட்டுமே தரும்.

இனி நான் கூறுவதை மிகக் கவனமாகக் கொள்ளுங்கள். பிரேக்கு, ஸ்டியரிங், சில்லு, இழுவைப் பெட்டியை இணைக்கும் கொளுக்கி ஆகியவற்றின் புரிகளை வீட்டிற் சீர்செய்தலாகாது. அப்புத்தளையிலிருந்து பெரகலைக்கு மூட்டைகளுடன் இறங்கும் வண்டியைத் தாங்குவன இவையே. வளைவில் ஒன்று விட்டுவிடின் இழப்பது சரக்கு மட்டுமன்று. பெட்டியில் அமர்ந்து வரும் பிள்ளைகளின் உயிரும் போகலாம். இவற்றுக்குப் புதிய உறுப்பை வாங்கித் தேர்ந்த மெக்கானிக்கைக் கொண்டு பூட்டுவியுங்கள். மேலும் சில பழைய லொறிகளில் இடப்பக்கச் சில்லுச் சுரைகள் இடம்புரியானவை. அவற்றை வழக்கமான திசையிற் கழற்ற முயலின் மேலும் இறுகிப் புரி கெடும். ஸ்டட்டின் நுனியில் அதற்குரிய குறியுண்டா எனப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இறுக்குதலிலும் அளவு வேண்டும். அலுமினியத்தில் அமைந்த சாதாரண 8 மில்லிமீற்றர்ப் போல்ட்டுக்கு, 20 சென்ரிமீற்றர்ச் சாவியின் நுனியை 10 கிலோ பாரந் தூக்கும் விசையில் இழுத்தல் போதும். இயந்திரத்தின் கைநூல் வேறளவு கூறின் அதனையே கொள்க. சாவிக்குக் குழாய் மாட்டி நீளங்கூட்டுதலைக் கைவிடுங்கள். நமது மலைப்பகுதியில் மூடுபனியும் மழையும் மிகுதியாதலால், வெளியே நிற்கும் போல்ட்டுகளின் புரிக்குச் சிறிது கிரீஸ் பூசித் துருவைத் தடுங்கள். பூசிய புரி எளிதில் இறுகுமாதலால் விசையைச் சற்றுக் குறைத்திடுக.

அடுத்த ஓய்வு நாளில் உங்கள் தகரப் பேணியை ஒரு சாக்கின்மேற் கொட்டி, அங்குலப் போல்ட்டுகளை ஒரு பேணியிலும் மில்லிமீற்றர்ப் போல்ட்டுகளை இன்னொரு பேணியிலும் இட்டுப் பெயர் எழுதி வையுங்கள். புரி கெட்டவற்றைச் சேர்த்து வையாது பழைய இரும்புக்குப் போட்டுவிடுங்கள். ஒரு மணி நேர வேலை இது; அறுவடைக் காலத்தில் ஒரு நாளை மிச்சப்படுத்தித் தரும்.