குரூசோவின் சட்டைப்பை



ஒக்ரோபர் பிறந்தால் தேசிய வாசிப்பு மாதம் என்று நாடெங்கும் விழா எடுப்பதும், என் போன்ற ஓய்வுபெற்ற வாத்தியார்மாரை மேடையேற்றி வாசிப்பின் மகிமையைப் பற்றிப் பிரசங்கம் செய்விப்பதும் வழமையாகிவிட்டன. மகிமையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. ஒரு பிள்ளை ஒரு புத்தகத்தை எவ்விதம் படித்தாள் என்பதை, இதோ என் கையிலிருக்கும் அவளுடைய கொப்பியைச் சாட்சியாக வைத்துக்கொண்டு, சொல்லிவிட்டு அமர்ந்துவிடுவேன்.

பிள்ளை என் மகளின் மகள். பத்தாந் தரத்திலே படிக்கிறவள். புத்தகம், டானியல் டீபோ என்ற ஆங்கிலேயர் அறுபது வயதை அணுகிய பருவத்தில், 1719ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் இலண்டனிலே வெளியிட்ட ‘றொபின்சன் குரூசோ’. கப்பல் உடைந்து, ஆளில்லாத் தீவொன்றில் ஒதுங்கி, இருபத்தெட்டு ஆண்டுகள் அங்கே வாழ்ந்த மாலுமியின் கதை. அதை என் இளமையில் நானும் படித்தவன்தான். படித்தவன் என்றால், ஆசிரியர் கரும்பலகையில் எழுதிப்போட்ட சுருக்கத்தைப் பாராமற் பண்ணி, பரீட்சையிலே ஒப்புவித்து, அறுபத்தெட்டுப் புள்ளி வாங்கியவன். நூலின் பின்பாதி என் கண்ணிற் பட்டதேயில்லை.

இவளுடைய ஆசிரியையோ சுருக்கம் ஒன்றும் எழுதிக்கொடுக்கவில்லை. ஒரு சிறு கடதாசித் துண்டைக் கொடுத்திருக்கிறார். படிப்பதற்குமுன் ஊகி, படிக்கும்போது நின்று கேள்வி கேள், மனத்திலே காட்சியாகக் காண், உன் ஊரோடும் வாழ்வோடும் இணைத்துப் பார், படித்ததை உன் வார்த்தையிற் சொல். இவற்றுக்கு வாசிப்பு உபாயங்கள் என்று பெயராம். கறி வைப்பதற்குக் குறிப்பு எழுதுவதுபோல் வாசிப்பதற்குமா குறிப்பு என்று எனக்குள்ளே சிறிது ஏளனம் எழுந்தது என்பதை இச்சபையிலே ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அந்த ஏளனத்தை அடக்கியவர் பவணந்தி முனிவர். நூலைப் பயிலுகின்ற மாணாக்கன், கேட்ட பாடத்தைப் போற்றிக் காத்து, அதனைத் தனியே சிந்தித்து, ஐயம் எழுந்தவிடத்து ஆசானை அடைந்து மீளக் கேட்டு, உடன் பயில்வாரோடு கூடி வினாவியும், அவர் வினாவியதற்கு விடையிறுத்தும் பழகவேண்டும் என்று நன்னூற் பாயிரத்திலே அவர் விதித்திருக்கிறார். ஒருமுறை கேட்டவன் இரண்டாம்முறையும் கேட்டாலே பிழை குறையும் என்றும் சொல்லுகிறார். அந்நன்னூலுக்குக் காண்டிகையுரை செய்து நம் பிள்ளைகள் கையிலே கொடுத்தவர் வேறு யாருமல்லர், நிறுத்தக் குறிகளையும் வினாக்குறியையும் தமிழ் வசனத்தோடு பழக்கிவிட்ட நம் நல்லூர் ஆறுமுகநாவலர். ஆகவே, பிறநாட்டுப் புதுமை என்று நான் ஏளனம் செய்த அந்தக் கடதாசித் துண்டு, நாவலர் வீட்டுத் திண்ணையில் அரங்கேறி நெடுங்காலமாகிவிட்டது. நாம்தான் இடையிலே ‘மாதிரி வினாவிடை’ப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு அதனை மறந்துபோனோம்.

இனிக் கொப்பிக்கு வருகிறேன். ஒருநாள் பின்னேரம் நான் விறாந்தையிலே சாய்மனைக் கதிரையிற் கண்ணயர்ந்திருந்த சமயம், இவள் வந்து தட்டி எழுப்பினாள்.

“அம்மப்பா, இவர் உடுப்பைக் கழட்டிப் போட்டிட்டுத்தானே கப்பலுக்கு நீந்திப் போனவர்?”

“ஓம் பிள்ளை, அதுக்கென்ன?”

“அப்ப பிஸ்கற்றை எந்தப் பொக்கற்றுக்குள்ளை போட்டவர்?”

என் தூக்கம் கலைந்துவிட்டது. புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். பிள்ளை சொன்னது மெய். கரையிலே உடையைக் களைந்துவிட்டு நீந்தி உடைந்த கப்பலில் ஏறிய குரூசோ, அங்கே பண்டகசாலையிலே பிஸ்கற்றை எடுத்துச் சட்டைப்பைகளிலே நிரப்பிக்கொள்ளுகிறான். சிறிது தூரம் சென்றபின், மெல்லிய காற்சட்டையோடும் காலுறையோடும் நீந்தியதாக ஆசிரியர் ஒரு சமாதானம் சொல்லி நழுவுகிறார். நூல் வெளிவந்த அதே 1719இல் சார்ள்ஸ் கில்டன் என்ற எழுத்தாளர் இதே சட்டைப்பையைப் பிடித்துக்கொண்டு டீபோவைப் பரிகாசம் செய்தார் என்பது இலக்கிய சரித்திரம். முந்நூறு ஆண்டு கழித்து, கில்டன் என்றொருவர் இருந்தார் என்பதையே அறியாத ஒரு பிள்ளை, மனத்திலே காட்சியாகக் கண்டு படித்த ஒரே காரணத்தால், அந்த இடத்திலே தானாக வந்து நின்றாள். என்னுடைய அறுபத்தெட்டுப் புள்ளிக்கு இந்தச் சட்டைப்பை தெரியாது.

அடுத்த பக்கத்திலே ‘பெரியாகுவா’ என்ற சொல்லின்கீழ் ஒரு கோடு. அகராதியைத் தேடி ஓடாமல், முன்னும் பின்னும் உள்ள வாக்கியங்களைக் கொண்டு, “மரத்தைக் குடைஞ்சு செய்யிற வள்ளம் போலை ஒண்டு” என்று எழுதியிருக்கிறாள். சரிதான். அந்த வள்ளத்தின் கதைதான் இக்கொப்பியில் நான் மிகவும் ரசித்த பகுதி.

குரூசோ ஒரு பெரிய கேதுரு மரத்தைத் தறிக்கிறான். அடியை வெட்டி வீழ்த்த இருபது நாள்; கிளைகளைக் களையப் பதினான்கு நாள்; வெளியே செதுக்க ஒரு மாதம்; உள்ளே குடைய ஏறக்குறைய மூன்று மாதம். இருபத்தாறு பேர் ஏறத்தக்க பெருவள்ளம் ஆயத்தமாகிவிட்டது. ஆனால் நீரோ நூறு யார் தூரத்திலே, இடையிலே மேடு! இவ்விடத்திலே பிள்ளை புத்தகத்தை மூடிவைத்து, “உருளைக் கட்டை போட்டுத் தள்ளுவார், இல்லாட்டி மாரி வெள்ளம் வந்து தூக்கும்” என்று ஊகித்து எழுதியிருக்கிறாள். இரண்டும் பிழைத்தன. கால்வாய் வெட்டப் பத்துப் பன்னிரண்டு வருஷமாகும் என்று கணக்குப் பார்த்துவிட்டு, குரூசோ வள்ளத்தை அங்கேயே கைவிட்டுவிடுகிறான். தன் ஊகம் பிழைத்ததனால் ஆவலுற்றுப் பின்னோக்கிப் போய்த் தேடியவள், முதலிலே செய்துமுடிப்போம், இறக்குவதற்கு வழி பிறகு பார்ப்போம் என்று அவன் தனக்குத்தானே முட்டாள்தனமாகச் சொல்லிக்கொண்ட இடத்தைக் கண்டுபிடித்து, ஓரத்திலே இரண்டு கோடு இழுத்திருக்கிறாள்.

நம்முடைய வல்வெட்டித்துறை மேஸ்திரிமார் ஒருவரிடம் இக்கதையைச் சொன்னால் வயிறு குலுங்கச் சிரிப்பார். அவர்கள் கரையிலே கட்டிய ‘அன்னபூரணி’ என்ற பாய்க்கப்பல் அத்திலாந்திக் சமுத்திரத்தையும் கடந்து, 1938ஆம் ஆண்டு அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. அதனை விலைக்கு வாங்கிய அமெரிக்கரின் பெயரும் றொபின்சன்தான்! அந்த றொபின்சனுக்குக் கப்பலைக் கடலில் இறக்கும் கவலை இருக்கவில்லை.

ஊரோடு இணைத்துப் பார் என்ற தலைப்பின்கீழ், குரூசோவின் தீவிலே ஒரு பனைமரம் நின்றிருந்தால் என்று ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறாள். இரண்டு மாதம் மண்ணோடு போராடி இரண்டு அவலட்சணமான சாடிகளை வனைந்தவனுக்கு, ஓலை இருந்தால் பட்டையும் பிளாவும் நிமிஷத்திலே கிடைத்திருக்குமாம். ஒடியலும் பினாட்டும் இருந்தால் ஆட்டைத் துரத்தி அலைந்திருக்க வேண்டாமாம். பிட்டை மாத்திரம் மறந்துவிட்டாள்; போகட்டும்.

எங்கள் நாட்டிலே இப்படி யாரும் அகப்பட்டதில்லையா என்று அதன்கீழே ஒரு கேள்வி. இதற்கு நான் விடை சொன்னேன். 1660ஆம் ஆண்டு, புயலிலே பாய்மரம் இழந்த கப்பலொன்று திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாற்றுக் குடாவுக்கு வந்தது. அதன் கப்பித்தானையும் அவர் மகன் றொபேட் நொக்ஸையும் கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள் பிடித்துச் சென்றனர். தந்தை மறுவருஷமே இறந்தார். மகன் தொப்பி பின்னி விற்று வயிறு வளர்த்தான். பின்னிய தொப்பியொன்றைக் கொடுத்து ஒரு கிழவனிடமிருந்து ஆங்கில வேதாகமத்தைப் பெற்றுக்கொண்டான். பத்தொன்பது வருஷத்துக்குப்பின், காட்டுவழியே அருவியாற்றைப் பற்றி இறங்கி, மன்னாருக்கருகே அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அவன் அடைந்த நாள் 1679 ஒக்ரோபர் 18; இந்த மாதந்தான். 1681இல் அவன் எழுதிய இலங்கைச் சரித்திரத்தை டீபோ நன்கு அறிந்திருந்தார். குரூசோவுக்கு அடுத்த வருஷம் வெளியிட்ட ‘கப்பித்தான் சிங்கிள்ரன்’ என்ற நாவலிலே நொக்ஸின் கதையையே சுருக்கிச் சேர்த்துக்கொண்டார். குரூசோவின் தனிமையிலும் நொக்ஸின் சாயல் உண்டென்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். அரிப்பு எங்கே இருக்கிறது என்று பிள்ளை வரைபடத்தை விரித்தாள். அன்றிரவு பாட்டிக்குப் பிந்தித்தான் சாப்பாடு கொடுக்க முடிந்தது.

கொப்பியின் கடைசிப் பக்கத்தைச் சொல்லி நிறுத்துகிறேன். குரூசோ ஒரு வாலிபனைக் கொலைஞரிடமிருந்து காப்பாற்றுகிறான்; காப்பாற்றிய கிழமையையே அவனுக்குப் பெயராக இட்டு, வெள்ளிக்கிழமை என்று அழைக்கிறான்; தன்னை எசமான் என்று கூப்பிடப் பழக்குகிறான். இப்பகுதிக்கு அவள் ஒரேயொரு கேள்விதான் எழுதியிருக்கிறாள்:

“இவனுக்கு இவன்ரை அம்மா வைச்ச பேர் என்ன?”

ஆசிரியை சிவப்புமையினால் ‘நூலிலே தேடு’ என்று குறித்திருக்கிறார். தேடினாள், நானும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அறுபது வருஷமாகத் திறவாத அந்தப் பின்பாதி முழுவதையும் முதன்முறையாக வாசித்துத் தேடினேன். குரூசோ அதை அவனிடம் கேட்கவேயில்லை.