எள்ளலும் அணங்கும்



மொழிபெயர்ப்பு என்றதும் மூலத்துக்கு உண்மையாயிருத்தல் என்னும் ஒரே அளவுகோலை நீட்டுவது வழக்கம். அந்த அளவுகோலைத் தெரிந்தே முறித்துப் போட்டு, அதனாலேயே பெயர்பெற்ற படைப்பு ஒன்று உண்டு. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரைச் சேர்ந்த ஏடிவி பிலிம்ஸ் நிறுவனம் 2005ஆம் ஆண்டு வெளியிடத் தொடங்கிய 'கோஸ்ட் ஸ்டோரீஸ்' என்னும் ஆங்கில டப்பிங்கே அது. அதன் மூலம் 'கக்கோ நோ கைதான்' என்னும் ஜப்பானிய அனிமேத் தொடர். 'பள்ளிக்கூடப் பேய்க்கதைகள்' என்பது அப்பெயரின் பொருள்.

மூலத்தின் வேர் ஆழமானது. பள்ளி ஆசிரியராயிருந்த நாட்டார் வழக்காற்று ஆய்வாளர் தோரு சுனெமிட்சு, மாணவர் வாய்மொழியாக வழங்கிய அச்சக் கதைகளைத் தொகுத்து 1990இல் நூலாக்கினார். பள்ளியின் மூன்றாம் மாடிக் கழிப்பறையில் மூன்றாவது கதவைத் தட்டினால் மறுமொழி தரும் ஹனாகோ என்னும் சிறுமி, 1979இல் ஜப்பான் முழுவதும் குழந்தைகளை நடுங்கவைத்த வாய் கிழிந்த பெண் முதலானோர் இவ்வழக்காற்றின் மாந்தர்கள். 1995இல் இது திரைப்படமாயிற்று. 2000 அக்டோபர் முதல் 2001 மார்ச் வரை புஜி தொலைக்காட்சியில் 20 பகுதிகளாக அனிமேத் தொடரும் வந்தது. இயக்கியவர் நோரியுகி அபே.

கதை எளியது. தாயை இழந்த சட்சுகி என்னும் சிறுமி, தம்பி கெய்ச்சிரோவுடனும் தந்தையுடனும் தாய் பிறந்து வளர்ந்த ஊருக்குக் குடிவருகிறாள். கைவிடப்பட்ட பழைய பள்ளிக் கட்டடத்தில் தாயின் நாட்குறிப்பு அவளுக்குக் கிடைக்கிறது. தாய் மாணவியாயிருந்த காலத்தில் உறங்கவைத்த பேய்கள், ஊரைச் சூழ்ந்த காடு நகராக்கத்துக்காக அழிக்கப்பட்டபோது விழித்துக்கொள்கின்றன. பேய்களை எவ்வாறு மீண்டும் உறங்கவைப்பது என்பது அந்நாட்குறிப்பில் தாயின் கையெழுத்தில் இருக்கிறது. இறந்த தாய் உயிருள்ள மகளைக் காக்கும் வழி அவ்வெழுத்து.

இத்தொடரை ஆங்கிலமாக்கப் பொறுப்பேற்ற இயக்குநர் ஸ்டீவன் ஃபாஸ்டர், உரையாடலை முற்றாக மாற்றி நகைச்சுவை ஆக்கினார். மாந்தர் பெயரையும் பேய்களின் பெயரையும் மாற்றலாகாது, பேய் அடங்கும் முறையை மாற்றலாகாது, ஒவ்வொரு பகுதியின் அடிப்படைக் கதை நிற்க வேண்டும். எஞ்சியவை குரல் கலைஞர் விருப்பம் என்பதே விதி என்று அதில் பங்கேற்றோர் கூறியுள்ளனர். ஒலிக்கூடத்துக்கு முதலில் வந்தவர் தோன்றியபடி பேசிவைக்க, பின்வந்தவர் அதற்கேற்பத் தொடர்ந்தனர் என்றும் சொல்லப்படுகிறது. அனிமேயில் வாயசைவு சில ஓவியங்களின் சுழற்சியே ஆதலால், அவ்வசைவுக்குள் எச்சொல்லையும் பொருத்திவிட முடியும். இவ்வகை விளையாட்டுக்கு முன்னோடியும் உண்டு. வூடி ஆலன் 1966இல் ஒரு ஜப்பானிய உளவுப் படத்துக்கு வேறு உரையாடல் ஏற்றி அதை நகைச்சுவைப் படமாக்கினார்.

விளைவை அளக்கத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் துணைசெய்யும். அச்சம் பிறக்கும் இடங்களுள் முதலில் வைக்கப்பட்டது அணங்கு. அழுகைக்குரியவற்றுள் ஒன்று இழவு. மூலத் தொடர் இவ்விரண்டின்மேல் நிற்பது. அணங்கை அஞ்சும் குழந்தையின் அச்சத்துக்குக் கீழே தாயை இழந்த இழவு ஓடிக்கொண்டிருக்கிறது. அதிலும் நகை உண்டு. ஆனால் அது குழந்தைமையில் பிறக்கும் நகை, அதாவது இளமை பற்றியது. ஆங்கில டப்பிங் இளமையை அகற்றி அவ்விடத்தில் எள்ளலை அமர்த்தியது. நகைக்கு உரிய நான்கு களங்களுள் இரண்டும் அடங்குவன எனினும், இவற்றுக்கிடையே உள்ள தொலைவு பெரிது.

எள்ளலும் ஒருவகைத்தன்று. பிறரை எள்ளி நகுதல், பிறரால் எள்ளப்பட்டுத் தான் நகுதல் என உரையாசிரியராகிய பேராசிரியர் அதனை இரண்டாக்குவார். டப்பிங்கின் சிறந்த இடங்கள் இரண்டாவது வகையை ஒட்டியவை. ஒரே ஓவியம் மீண்டும் மீண்டும் வருவதையும், கதையின் பொருந்தாமையையும், தம் நடிப்பையுமே மாந்தர் எள்ளி நகுகின்றனர். அங்கே எவருக்கும் காயமில்லை.

முதல் வகை அவ்வாறன்று. மூலத்தில் சமயம் சுட்டப்படாத லியோ யூதனாக்கப்பட்டு அதன் பொருட்டே கேலிக்கு ஆளாகிறான். மோமோகோ கிறித்தவ சமயப் பரப்புரை செய்பவளாகிறாள். சிறுவன் கெய்ச்சிரோவின் மழலை, அறிவு வளர்ச்சி குன்றியவனின் பேச்சாகத் திரிக்கப்பட்டுச் சிரிப்புக்கு இரையாகிறது. சமயப் பரப்பின் ஆரவாரத்தை எள்ளுவது வலியோரை எள்ளுவது எனச் சிலர் வாதிடலாம். திக்கிப் பேசும் சிறுவனை எள்ளுவதற்கு அத்தகைய வாதம் எதுவும் இல்லை.

இங்கே ஒரு செய்தி கருதத்தக்கது. ஜப்பானில் மூன்றாம் பகுதியாக வரவேண்டியிருந்த வாய் கிழிந்த பெண்ணின் கதை ஒளிபரப்பாகவில்லை. உதட்டுப் பிளவுடன் பிறந்த குழந்தைகளின் மனம் புண்படும் என எழுந்த எதிர்ப்பே காரணம் எனக் கூறப்படுகிறது. அத்தடை தேவைதானா என்று வழக்காற்று ஆய்வாளர் கேட்கலாம். ஆயினும் ஒரு குழந்தையின் முகத்தை நினைந்து ஒரு பகுதியையே நிறுத்திவைத்த தொடர், மறுமொழியில் ஒரு குழந்தையின் பேச்சையே நகைப்பொருளாக்கியது. சொல் மாறியதைக் காட்டிலும் இம்மாற்றமே பெரிது.

காலமும் தன் தீர்ப்பை எழுதுகிறது. அன்றைய அமெரிக்க அரசியலையும் நடிகர்களையும் பற்றிய கேலிகளுக்கு இன்று அடிக்குறிப்பு வேண்டும். ஹனாகோவின் கதவைத் தட்டும் ஒலிக்கு வேண்டா.

எனினும் இதனைக் குப்பை என்று ஒதுக்குவதும் நேர்மையாகாது. மூலத்தில் அமனோஜாகு என்னும் பேய் ஒரு பூனையின் உடலில் அடைபட்டுக் கிடக்கிறது. ஜப்பானிய வழக்காற்றில் அமனோஜாகு எதிலும் முரண்டு செய்வது. பிறர் சொல்வதற்கு மாறாகவே நடப்பது. வேற்றுடலில் புகுந்து முரணிப் பேசும் அப்பேயே இந்த டப்பிங்குக்கு ஏற்ற உவமை. அது தன்னை மூலம் என்று சொல்லிக்கொள்ளவும் இல்லை. ஏடிவி வெளியிட்ட டிவிடிகளில் ஜப்பானிய ஒலியும் அதற்குரிய ஆங்கில வசன வரிகளும் உடன் இருந்தன. விரும்பியவர் மூலத்தையே கேட்கலாம். மூலத்தை மறைத்து, வெட்டி, அதுவே மூலம் எனக் காட்டும் பணிவான மொழிபெயர்ப்பைவிட, அருகே மூலத்தை வைத்துவிட்டு முரணும் இந்தக் குறும்பு நேர்மையானது.

இன்னொன்றும் உண்டு. எல்லாச் சொற்களும் மாற்றத்தக்கவை எனக் கொண்டவர்களும், பேய் அடங்கும் முறையை மாற்றத் துணியவில்லை. அம்முறையை எழுதியவள் தாய். ஆகவே எத்துணைக் கேலிக்குப் பின்னும் சட்சுகி அந்நாட்குறிப்பைத் திறந்தே ஆகவேண்டும். தாய் எழுதிவைத்தவாறே செய்தாக வேண்டும். சிரிக்கவைக்கத் திட்டமிட்டவர்கள் அறிந்தோ அறியாமலோ இழவைக் காத்துவிட்டனர். கதையின் உயிர் உரையாடலில் இல்லை, அந்த ஏட்டில் இருந்தது.

பிறமொழிக் கவிதையைத் தமிழாக்கும் கவிஞர்க்கு இதில் பாடம் உண்டு. சொல்லை விடலாம், யாப்பை விடலாம், சுவையைக்கூட ஓரளவு மாற்றலாம். ஆயின் மூலத்தில் தாயின் கையெழுத்து எது என்பதைக் கண்டறியாமல் கைவைத்தலாகாது. நகைக்க எண்ணினால் தன்னை நோக்கி நகைக்க வேண்டும். பேசத் திக்கும் சிறுவனை நோக்கி அன்று.