எக்காலத்து வீரர் பெரியவர்?



கோடை விடுமுறை வந்துவிட்டால், எங்கள் சிலமலையிலிருந்து இளைஞர் சிலர் போடி, தேனி வழியாகப் பெரியகுளத்துக்குப் பேருந்தேறுவது வழக்கம். அங்கே சில்வர் ஜூப்ளி விளையாட்டுக் கழகத்தார் அறுபது ஆண்டுகளாக நடத்திவரும் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டியைக் காணவே அவர்கள் செல்கின்றனர். இரவில் மின்னொளியில் ஆட்டம் நடைபெறும். நானும் பலமுறை சென்றிருக்கிறேன். ஆட்டத்தைவிடப் பார்வையாளரின் வாதமே எனக்குச் சில சமயம் சுவையாக இருப்பதுண்டு.

ஒருமுறை எனக்குப் பின்னால் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர், "குஷிராம் ஆடியதைப் பார்த்தவனுக்கு இதெல்லாம் ஓர் ஆட்டமா?" என்றார். அருகிலிருந்த கல்லூரி மாணவன் விடவில்லை. "தாத்தா, உங்கள் காலத்தில் மூன்று புள்ளிக் கோடே கிடையாதே! இன்று ஆடினால் அவர் என்ன செய்வார்?" என்று கேட்டான். குஷிராம் 1967-இல் அர்ஜுனா விருது பெற்றவர். மாணவன் போற்றிய விசேஷ் பிருகுவன்ஷி 2020-இல் அதே விருதைப் பெற்றார். மூன்று புள்ளி விதி உலகக் கூடைப்பந்துச் சங்கத்தின் ஆட்டங்களுக்கு வந்ததோ 1984-இல். இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. ஆயினும் வழக்குத் தீரவில்லை. (இவ்வாதங்களில் பெண்களின் பெயர் மட்டும் ஏனோ எழுவதேயில்லை. பத்தொன்பது வயதில் இந்திய அணிக்குத் தலைமை ஏற்று, 2021-இல் பத்மஸ்ரீ பெற்ற நம் அனிதா பால்துரையை அன்று எவரும் நினைக்கவில்லை.)

அமெரிக்காவிலும் இதே வழக்குத்தான். 1962 மார்ச் 2-ஆம் நாள் வில்ட் சேம்பர்லின் ஒரே ஆட்டத்தில் 100 புள்ளிகள் எடுத்தார். அப்பருவத்தில் அவருடைய சராசரி ஆட்டத்துக்கு 50.4. மைக்கேல் ஜார்டன் உட்பட, பின்வந்த எவரும் அந்தச் சராசரியை எட்டியதில்லை. எனவே அவரே பெரியவர் என்று முடித்துவிடலாமா? அன்று அவர் ஆடிய தொழில்முறைத் தொடரில் இருந்த அணிகள் 9, இன்று 30. கரீம் அப்துல் ஜப்பார் சேர்த்த 38,387 புள்ளிகளை லெப்ரான் ஜேம்ஸ் 2023-இல் கடந்தார். கரீம் தம் தொழில்முறை வாழ்நாளில் போட்ட மூன்று புள்ளி எறிவு ஒன்றே ஒன்று. லெப்ரானோ 2,000-க்கும் மேற்பட்டவற்றைப் போட்டவர். ஒரே படியால் நெல்லையும் எண்ணெயையும் அளந்து, எது மிகுதி என்று கேட்பது போன்றது இது.

எங்கள் பக்கத்து மக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஞள்ளானி என்னும் ஏல இனம் பரவிய பின்னர், மலைத் தோட்டங்களில் ஏக்கருக்குக் கிடைக்கும் காயின் அளவு பல மடங்கு பெருகிற்று. அதற்காக, முன்னாளில் பழைய இனங்களை நட்டுக் காத்தவரைத் திறமையற்றவர் என்று போடிச் சந்தையில் எவரும் கூறார். எந்தச் செடி, எந்த நீர், எந்த ஆண்டு என்று கேட்ட பின்பே பேசுவர்.

இனி, என் மனத்தை விட்டகலாத செய்தியொன்று. சேம்பர்லின் 50.4 சராசரி பெற்ற அதே பருவத்தில், சிறந்த ஆட்டக்காரர் யார் என்று ஆட்டக்காரர்களே வாக்களித்தனர். அவர்கள் தேர்ந்தெடுத்தது சேம்பர்லினை அன்று. பாஸ்டன் அணியின் பில் ரசலை! பதின்மூன்று பருவங்களில் பதினொரு முறை வாகை சூடிய அணியின் நடுத்தூண் அவர். எதிரி எறியும் பந்தை இடைமறித்துத் தட்டிவிடுவதே அவருடைய கலை. அக்கலைக்கு அந்நாளில் கணக்கே இல்லை. 1973-ஆம் ஆண்டுப் பருவத்திலிருந்துதான் அதைப் பதியத் தொடங்கினர். ரசல் 1969-லேயே ஓய்வு பெற்றுவிட்டார். ஏட்டை மட்டும் புரட்டும் நமக்கு அவருடைய சிறப்பில் பாதி தெரியாது. எதிரே நின்று ஆடியவர்களுக்குத் தெரிந்திருந்தது. என்னைக் கேட்டால், அவர்கள் வாக்கையே நான் பெரிதாக மதிப்பேன்.

இவ்வளவு உறுதியாகப் பேசும் நானே ஒருகால் இதில் தவறினேன். நான் தலைமையாசிரியனாக இருந்தபோது, எங்கள் அணியில் ஒல்லியான மாணவன் ஒருவன் ஆடினான். காலை வழிபாட்டுக் கூட்டத்தில், அனைவர் முன்னிலையிலும், "பத்தாண்டுகளுக்கு முன் ஒருவன் இதே பள்ளிக்காக ஓர் ஆட்டத்தில் முப்பது புள்ளி எடுத்தான்; நீ எட்டுக்கே மூச்சு வாங்குகிறாயே!" என்று அவனிடம் கூறினேன். ஊக்குவிப்பதாகவே எண்ணினேன். மறுநாள் முதல் அவன் ஆடுகளத்துக்கு வரவில்லை.

சில வாரங்கள் சென்று, பழைய புள்ளிப் பதிவேட்டைத் தேடி எடுத்தேன். முப்பது புள்ளி உண்மைதான். ஆனால் அன்று எதிரணியில் ஆடியவர் நால்வரே. ஐந்தாமவன் பெயருக்கு நேரே ஒரு கோடு கிழித்திருந்தது. மேலும், ஒல்லியான மாணவனின் வேலை பிறருக்குப் பந்தை எடுத்துக் கொடுப்பது. அதைக் குறிக்க எங்கள் பதிவேட்டில் இடமே இல்லை.

அன்று மாலை, ஏலத் தோட்டத்து ஜீப்புகள் மலையிலிருந்து திரும்பும் வேளையில், அவன் வீட்டுக்குச் சென்றேன். அவன் தாய் அப்போதுதான் வந்திறங்கியிருந்தார். பதிவேட்டைத் திறந்து அந்தக் கோட்டைக் காட்டி, "நான் சொன்னது தவறு, தம்பி" என்றேன். அவன் நெடுநேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "பரவாயில்லை, ஐயா" என்றான். அவ்வாண்டு மாவட்டப் போட்டிக்கு எங்கள் அணி அவனின்றியே சென்றது.