வீடு வந்து சேரும் வேளாண்மை

(ஊர்த் தமிழ்மன்ற ஆண்டுவிழாவில் பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் ஆற்றப்பெற்ற உரை)



‘சிறுபிள்ளை இட்ட வேளாண்மை விளைந்தாலும் வீடு வந்து சேராது’ என்பது தமிழர் நாவில் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. பிள்ளைகள் ஒரு கருத்தை முன்வைத்தவுடன் அதனைத் தட்டிக்கழிக்கப் பெரியவர்கள் கையிலெடுக்கும் படைக்கலமும் அதுவே. பழமொழிகள் பட்டறிவிற் பிறந்தவை, அதில் ஐயமில்லை. ஆயினும் எல்லாப் பழமொழியும் எல்லாக் காலத்துக்கும் பொருந்திவிடுவதில்லை. இப்பழமொழி பொய்த்துப்போன ஓர் இடம் உண்டு. இடம், பல்லாவரம், ஆண்டு, 1916.

வேதாசலம் என்னும் வடமொழிப் பெயர் தாங்கியிருந்த பேரறிஞர் ஒருவர், தம் வீட்டுத் தோட்டத்தில் மகளோடு உலவிக்கொண்டிருந்தார். வள்ளலாரின் திருவருட்பாப் பாட்டொன்றைப் பாடியவர், அதில் ‘தேகம்’ என்னும் வடசொல் நின்ற இடத்தில் ‘யாக்கை’ என்னும் தமிழ்ச்சொல் நின்றிருப்பின் எத்துணை இனிமை பயந்திருக்கும் என மகளுக்கு எடுத்துரைத்தார். மகள் நீலாம்பிகைக்கு அப்போது அகவை 13. அவ்வாறாயின் இன்றுமுதல் அயற்சொல் கலவாத தமிழிலேயே பேசியும் எழுதியும் பழகலாமே என்பது அம்மகள் முன்வைத்த கருத்து. தந்தை நகைத்து ஒதுக்கவில்லை. ‘உனக்கென்ன தெரியும்’ என்று வாயடைக்கவில்லை. வேதாசலம் மறைமலையடிகள் ஆனார். ‘ஞானசாகரம்’ என்னும் அவர்தம் இதழ் ‘அறிவுக்கடல்’ ஆயிற்று. தனித்தமிழ் இயக்கம் பிறந்தது.

எண்ணிப் பாருங்கள். பெரும்புலவர்கள் நிறைந்திருந்த நாட்டில், இவ்வியக்கத்தின் முதல் வித்தை இட்ட கைகளுள் ஒன்று பதின்மூன்றாண்டுப் பெண்ணின் கை. அந்த வேளாண்மை வீடு வந்து சேர்ந்தது. வீட்டைக் கடந்து நாட்டுக்கும் வந்து சேர்ந்தது. எவ்வாறு? மகள் சொன்னாள், தந்தை செவிசாய்த்தார், இருவர்க்கும் இடையே ஒரே மொழி இருந்தது. இம்மூன்றும் கூடினால் எந்தப் பிள்ளையின் வேளாண்மையும் வீடு வந்து சேரும்.

இன்றைய பிள்ளை மற்றொரு விண்ணப்பத்தை ஏந்தி வாயிற்படியில் நிற்கின்றது. ‘கடைக்குத் துணிப்பை எடுத்துச் செல்லுங்கள், நெகிழிப்பை வேண்டா.’ ‘குழாயை மூடிவிட்டுப் பல் விளக்குங்கள்.’ ‘மாடியில் விழும் மழைநீரைத் தெருவில் ஓடவிடாமல் நிலத்துள் இறக்குங்கள்.’ ‘குப்பையைக் கொளுத்தாதீர்கள்.’ இவையே அவ்விண்ணப்பத்தின் வரிகள். இவற்றுள் ஒன்றும் புதுமையன்று. கூரைநீரைச் சேமிக்கும் அமைப்பை எல்லாக் கட்டடங்களுக்கும் 2003இல் தமிழக அரசு கட்டாயமாக்கியது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள்கள் 14, 2019 சனவரி 1 முதல் தடை செய்யப்பெற்றன. சட்டங்கள் தெருமுனைவரை வந்தன. அடுக்களைக்குள் நுழைய அவற்றால் இயலவில்லை. அலுவலரைக் கண்டால் ஒளித்துவைத்து, அவர் அகன்றபின் எடுத்து நீட்டும் வணிகரை எவர் அறியார்? சட்டம் நுழையமுடியாத அடுக்களைக்குள் உரிமையோடு நுழையக்கூடிய ஒரே ஆசான் அவ்வீட்டுப் பிள்ளையே.

இதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலக் கடலோர மாவட்டங்களில் 10 முதல் 14 அகவை வரையுள்ள மாணாக்கர்க்குத் தட்பவெப்ப மாற்றம் பற்றிய பாடங்கள் கற்பிக்கப்பெற்றன. அப்பாடத்தின் ஒரு கூறாக, பிள்ளைகள் தத்தம் பெற்றோரிடம் சென்று வினவவேண்டும்: கடந்த சில ஆண்டுகளில் வானிலை மாறக் கண்டீர்களா? கடல்மட்டம் உயரக் கண்டீர்களா? இவ்வளவே வினா. 2019இல் வெளிவந்த ஆய்வு முடிவின்படி, அப்பாடம் கற்ற பிள்ளைகளின் பெற்றோரிடத்தும் இதுபற்றிய அக்கறை மிகுந்தது. மாற்றத்தை எளிதில் ஏலாத பழமைப்பற்றாளரிடத்தும் தந்தையரிடத்தும் அம்மிகுதி சிறப்பாகக் காணப்பட்டது. மகனைக் காட்டிலும் மகளே தந்தை தாயரின் நெஞ்சை மிகுதியும் அசைத்தாள். பல்லாவரத் தோட்டத்தில் 1916இல் நிகழ்ந்ததையே கடல்கடந்த நாட்டின் ஆய்வாளர் ஒரு நூற்றாண்டு கழித்து எண்ணால் அளந்து காட்டியிருக்கின்றனர்.

தமிழ்நிலத்துச் சான்று வேண்டுவோர் சிவகங்கை மாவட்டத்தில் திருப்பத்தூரை அடுத்துள்ள கொள்ளுகுடிப்பட்டிக்குச் செல்க. அங்குள்ள கண்மாய்களும் அண்டையிலுள்ள வேட்டங்குடிக் கண்மாயும் 1977இல் பறவைப் புகலிடமாக அறிவிக்கப்பெற்றன. மழைக்காலத்தே நத்தைகுத்தி நாரையும் அரிவாள்மூக்கனும் நீர்க்காகமும் வந்து கண்மாய் மரங்களிற் கூடுகட்டும். வெடியோசை கேட்டால் தாய்ப்பறவை அஞ்சி எழும். கூட்டிலிருக்கும் குஞ்சு தவறிவிழும். ஆகவே அவ்வூர் மக்கள் பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. அண்டையூர்ச் சிறுவர் வெடி கொளுத்தி ஆர்ப்பரிக்கும் நாளில், இவ்வூர்ச் சிறுவர் கைகட்டி நிற்கின்றனர். ஒரு சிறுவனுக்கு அஃது எத்துணைப் பெரிய ஈகம் என்பது சிறுவனாய் இருந்த எவர்க்கும் தெரியும். அவர்களைத் தடுப்பது சட்டப்புத்தகம் அன்று. ‘கண்மாய்க்குப் பறவை வந்திருக்கிறது’ என்று தாய் சொன்ன ஒரு சொல்லே.

அச்சொல் தாய்மொழியிற் சொல்லப்பெற்ற சொல் என்பதே இவ்வுரையின் உயிர்நாடி. மூன்றனுள் மூன்றாவதாகிய ஒரே மொழி இன்று பல இல்லங்களில் முறிந்து கிடக்கின்றது.

மதுரைப் பக்கத்துச் சிற்றூர் வீடொன்றை மனத்திற் புனைந்து கொள்க. ஆங்கிலவழிப் பள்ளியிற் பயிலும் சிறுமி ஒருத்தி மாலையில் ஓடிவருகின்றாள். ‘அப்பத்தா! டாங்க்கைத் தூர்வார வேண்டுமாம். இல்லாவிட்டால் ஊரில் தண்ணீரே இருக்காதாம்!’ அப்பத்தா மேலே பார்க்கின்றாள். மொட்டைமாடியில் கறுப்பு நிறத்தில் நெகிழித்தொட்டி ஒன்று நிற்கின்றது. ‘உன் அப்பன் போன திங்கள்தானே கழுவினான், ஆத்தா!’ என்கிறாள். பேச்சு அதனோடு முடிந்தது. பேத்தி ‘கண்மாய்’ என்று ஒரு சொல் சொல்லியிருந்தால், கிழவியின் நெஞ்சில் அறுபதாண்டுச் செய்தி மடைதிறந்து பாய்ந்திருக்கும். எந்த மதகு எந்த வயலுக்கு உரியது, கலிங்கு வழிந்த நீர் எவ்வூர்க் கண்மாய்க்குச் சென்றது, கோடையில் வீட்டுக்கு ஓராள் சென்று கரைக்கு மண்சுமந்தது எவ்வாறு என அனைத்தையும் அவள் கூறியிருப்பாள். பாடம் பேத்தியிடம் இருந்தது; பட்டறிவு பாட்டியிடம் இருந்தது; இரண்டையும் இணைக்கும் பாலம் உடைந்திருந்தது.

ஏறத்தாழ 39,000 ஏரி கண்மாய்களைத் தோண்டி வைத்த நாடு இது. அத்தனையையும் ‘டாங்க்’ என்னும் ஒற்றைச் சொல்லில் அடைத்துவிட முடியுமா? ஊரார் உண்ணும் நீர் நிற்பது ஊருணி. வயலுக்குப் பாயும் நீர் நிற்பது வடபால் ஏரி, பாண்டிநாட்டிற் கண்மாய், பொருநைப் பக்கத்தே குளம். சிறிய ஏரி தாங்கல், ஏந்தல். நீர் வந்துசேரும் வழி வரத்துக்கால். நீர் திறக்கும் வாய் மதகு. மிகைநீர் வழியும் இடம் கலிங்கு. ஒவ்வொரு சொல்லும் ஒரு கடமையின் பெயர். வரத்துக்கால் என்னும் சொல்லை அறியாத தலைமுறை அதன்மேல் வீடு கட்டும். கலிங்கு என்னும் சொல்லை அறியாத தலைமுறை அதனை அடைத்துத் தெருவாக்கும். பிறகு 2015 திசம்பர்போல் வெள்ளம் வரும். 2019 சூன்போல் ஏரிகள் வறண்டு சென்னை குடங்களோடு தெருவில் நிற்கும். சொல் தூர்ந்தது முதலில். ஏரி தூர்ந்தது பின்னர்.

2012-13ஆம் கல்வியாண்டிலிருந்து அரசுப் பள்ளிகளிலேயே ஆங்கிலவழிப் பிரிவுகள் பெருகின. சுற்றுச்சூழலைக் காக்கக் கற்பிக்கும் பாடமும் அங்கு ஆங்கிலத்தில். தேர்வுத்தாளில் விடை எழுதிவிட்டு வீடுதிரும்பும் பிள்ளையால் அதனைத் தாயிடம் எடுத்துச்சொல்ல இயலவில்லை. வட கரோலினாவில் அந்த ஆய்வு வென்றது, பள்ளியின் மொழியே வீட்டின் மொழியாகவும் பெரிதும் இருந்தமையால். தமிழ்நாட்டுப் பிள்ளைக்கு மட்டும் அவ்வுரிமை ஏன் மறுக்கப்பட வேண்டும்?

மஞ்சட்பையின் கதையும் இதுவே. திருமண வீட்டில் தேங்காயும் வெற்றிலையும் இட்டுக் கொடுத்த பை. ஆண்டுக்கணக்கில் உழைத்து, கிழிந்தபின் கரித்துணியாகி, இறுதியில் மண்ணோடு மண்ணாகும் பை. அதனைக் கையிற் கொண்டு நகரத்துக்கு வந்தவனைப் ‘பட்டிக்காட்டான்’ என்று எள்ளினர். எள்ளலுக்கு அஞ்சியவன் பையைக் கைவிட்டான். அதே எள்ளலுக்கு அஞ்சியே ‘அம்மா’வைக் கைவிட்டு ‘மம்மி’க்கு மாறினான். பையைத் துறக்கச் செய்த நாணமும் மொழியைத் துறக்கச் செய்த நாணமும் ஒன்றே. அடிமை நெஞ்சின் நாணம். 2021 திசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ என்று அரசு இயக்கம் தொடங்க வேண்டியிருந்தது. பை திரும்புகின்ற வழியிலேயே மொழியும் திரும்பட்டும்.

இங்கு ஒரு தடைவினா எழும். ‘ஆற்றை அழித்தவை பெருந்தொழிற்சாலைகள், அவற்றை விட்டுவிட்டு, பல்துலக்கும் பிள்ளையிடம் நீர்ச்சிக்கனம் பேசுவது முறையா?’ முறையான வினாவே. நொய்யலாற்றில் திருப்பூர்ச் சாயக்கழிவு கலந்தது. உழவர்க்கென 1992இல் கட்டி முடிக்கப்பெற்ற ஒரத்துப்பாளையம் அணை சாயநீர்த் தேக்கமாயிற்று. 2011இல் சென்னை உயர் அறமன்றம் சாயப்பட்டறைகளை மூடுமாறு ஆணையிட வேண்டியதாயிற்று. பாலாற்றங்கரையைத் தோற்கழிவு பாழாக்கிய வழக்கில் 1996இல் உச்ச அறமன்றம் தீர்ப்புரைத்தது. இக்கேடுகளை ஒரு துணிப்பை தடுத்துவிடாது. ஆயினும், வீட்டில் வினவிப் பழகாத பிள்ளை நாளை நாட்டில் வினவாது. தந்தையிடம் ‘ஏன்’ என்று கேட்டு மதிக்கப்பெற்ற பிள்ளையே, வளர்ந்தபின் ஊரவையில் எழுந்து ‘இந்தக் கழிவுநீர் எங்கே செல்கிறது?’ என்று கேட்கும். பெரியோர் தம் குற்றத்தைப் பிள்ளையின் தோளில் ஏற்றுவதற்காக அன்று. பிள்ளையின் வினாவுக்கு விடைகூறும் கடன் தமக்குண்டு என உணர்வதற்காகவே இவ்வுரை.

அவ்வினா இவ்வியக்கத்தாரையும் விட்டுவைக்காது. தமிழ்விழாக்களின் வாயிலிற் கட்டப்படும் பதாகைகளைக் காண்க. ‘தூயதமிழ் காப்போம்’ என்ற எழுத்து, எழுதப்பட்டதோ நெகிழியில். மேடையில் அமர்ந்தோர் ஒவ்வொருவர் முன்னும் ஒரு நெகிழிக்குப்பி. ஊர்வலத்தில் பிள்ளைகள் கையிற் சிறு கொடிகள். தடைசெய்யப்பெற்ற 14 பொருள்களுள் நெகிழிக் கொடியும் ஒன்று என்பதை அறிந்தோர் எத்தனை பேர்? விழா முடிந்த மறுநாள் அக்கொடிகள் வாய்க்காலை அடைத்துக் கிடக்கும். ‘ஐயா, சொல்லில் கலப்பு வேண்டாம் என்கிறீர்கள், மண்ணில் கலப்பு மட்டும் ஆகுமோ?’ என்று ஒரு சிறுவன் கேட்டால், எந்தப் பேச்சாளர் விடைகூற வல்லார்? தமிழ் வானில் தொங்குவதன்று. தமிழர் நாவில் வாழ்வது. நா நனைய நீர் வேண்டும். நீர் நிற்க ஏரி வேண்டும். நிலத்தை இழந்த மொழி எங்கே நின்று வாழும்? கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்த வள்ளுவர் இதனை உணர்ந்தே வைத்தார். பெற்றோரினும் பிள்ளைகள் அறிவால் மிகுந்திருப்பது உலகுக்கே இனிது என மக்கட்பேற்றில் உரைத்தவரும் அவரே.

ஆகவே பெற்றோர் செய்யத்தக்கது ஒன்று: பிள்ளை சொல்லும்போது செவிகொடுங்கள், சொன்னதில் ஒன்றையேனும் அன்றே செய்து காட்டுங்கள். ஆசிரியர் செய்யத்தக்கது ஒன்று: பிள்ளைகள் வீட்டு முதியோரிடம் தமிழிற் கேட்டுவர ஐந்து வினாக்களைக் கொடுங்கள். ஊர் நீர்நிலையின் பெயர் யாது? அதற்கு மதகுகள் எத்தனை? வரத்துக்கால் எங்கே தூர்ந்தது? கலிங்கு நீர் எங்குச் சென்றது? நெகிழிப்பை வருமுன் பொருள்களை எதில் வாங்கினீர்கள்? இயக்கத்தார் செய்யத்தக்கவை இரண்டு: அறிவியலும் சுற்றுச்சூழலும் தமிழிலேயே கற்பிக்கப்பெற வேண்டும் என ஓயாது போராடுங்கள், அடுத்த விழாவில் துணிப்பதாகையும் மண்பானை நீரும் வையுங்கள்.

முன்வரிசைத் தளிர்களே! உங்களுக்கு ஒரே வேண்டுகோள். இன்றிரவு வீட்டில் கேளுங்கள். பணிவோடு கேளுங்கள், பயமின்றிக் கேளுங்கள், தமிழிற் கேளுங்கள். பல்லாவரத்துத் தோட்டத்தில் ஒரு பெண் அவ்வாறுதான் கேட்டாள். சிறுபிள்ளை இட்ட வேளாண்மை வீடு வந்து சேரும். வாயிற்கதவைப் பெரியவர்கள் திறந்து வைத்தால் போதும்.

வாழ்க தமிழ்! வளர்க தமிழ்நிலம்! நிறைக ஏரிகள்!