கேடயம் சோறு போடுமா?

(பட்டிமன்றத் தலைப்பு: ‘விளையாட்டு வீரரை வாழவைப்பது பரிசுப் பணமா? பாராட்டா?’ இடம்: முத்தாண்டிக்குப்பம். ‘பரிசுப் பணமே’ அணியில் பேசியது.)

நடுவர் அவர்களே! எதிரணியில் கேடயத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற நண்பர்களே! சாயங்காலமே பாயைப் போட்டு முன்வரிசையில் இடம் பிடித்திருக்கிற தாய்மார்களே! நெய்வேலியிலிருந்து ஷிப்ட் முடித்து நேராக இங்கே வந்திருக்கிற தொழிலாளத் தோழர்களே!

முந்திரி விளைகிற மண் இது. எல்லாப் பழத்துக்கும் கொட்டை உள்ளே இருக்கும். முந்திரிக்கு மட்டும் வெளியே முந்திக்கொண்டு நிற்கும். எனக்கு முன்னால் பேசிய நண்பரும் அப்படித்தான். நடுவர் தலைப்பைச் சொல்லி முடிக்கலை, அதுக்குள்ள இவர் ‘பாராட்டே’ன்னு தீர்ப்பையே சொல்லிட்டார்! (சிரிப்பு)

அது மட்டுமா? பெருஞ்சித்திரனாரையும் சாட்சிக்குக் கூப்பிட்டார். அதியமான் தன்னை நேரில் பார்க்காமலே பரிசு கொடுத்தனுப்பினான், புலவர் வேண்டாமென்று மறுத்தார், பார்த்தீர்களா தமிழனின் மானத்தை என்றார். உண்மைதான். நானும் வகுப்பில் நடத்துகிற பாட்டுதான். ஆனால் நண்பர் பாதிப் புறநானூற்றோடு எழுந்து வந்துவிட்டார். அதே பெருஞ்சித்திரனார்தான் குமணனிடம் போய், வீட்டில் பிள்ளை பசியால் அழுகிறான், மனைவி வாடிக் கிடக்கிறாள் என்று பாடினார். குமணன் கொடுத்ததை மறுக்காமல் வாங்கிக்கொண்டு வந்து மனைவி கையில் கொடுத்தார். மானம் உள்ளவனுக்கும் வயிறு உண்டு ஐயா! தன் திறமையை மதித்து, மதிப்புக்கேற்ற பரிசு கொடு என்பதுதான் அந்தப் புலவர் கேட்டது. பரிசே வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. (கைதட்டல்)

நான் இன்றைக்கு ஒரே ஒரு மேஜையை எடுத்துக்கொள்கிறேன். பச்சைத் துணி விரித்த மேஜை. பில்லியர்ட்ஸ், ஸ்னூக்கர், பூல் என்று மூன்று பங்காளிகள் அதன்மேல் ஆடுகிறார்கள். ‘இது வெள்ளைக்காரன் ஆட்டமாச்சே’ன்னு நினைக்காதீங்க. ஸ்னூக்கர் பிறந்தது 1875-இல், ஜபல்பூரில். நெவில் சேம்பர்லின் என்ற ராணுவ அதிகாரி உண்டாக்கினார். பிரதமராக இருந்த சேம்பர்லின் வேறு, இவர் வேறு. 1882-இல் அதன் விதிகளை எழுதி வைத்தது எங்கே தெரியுமா? நம்ம ஊட்டி கிளப்பில்! நம் மலையில் விதி எழுதிய ஆட்டம். ஆனால் ஆடுகிறவன் தலைவிதியை மட்டும் எவனோ எழுதினான்.

1958-இல் கல்கத்தாவில் வில்சன் ஜோன்ஸ் உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் பட்டத்தை வென்றார். எந்த விளையாட்டிலும் இந்தியா கண்ட முதல் உலகச் சாம்பியன் அவர்தான். 1964-இல் மறுபடியும் வென்றார். 1965-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். பாராட்டுக்குக் குறைவில்லை. ஆனால் ‘அமெச்சூர்’ என்ற சொல்லுக்கு என்ன பொருள்? காசுக்காக ஆடாதவன் என்று பொருள். அதை நம்ம ஊரில் எப்படிப் புரிந்துகொண்டார்கள்? காசு கொடுக்கத் தேவையில்லாதவன்! (சிரிப்பு)

இப்போது தொழில்முறை ஆட்டக்காரர்கள் பக்கம் வாருங்கள். 1927-இல் முதல் தொழில்முறை ஸ்னூக்கர் உலகப் பட்டத்தை ஜோ டேவிஸ் வென்றார். பரிசு ஆறு பவுண்டு பத்து ஷில்லிங். வேடிக்கை என்னவென்றால், டிக்கெட் வசூலில் ஒரு பங்கை எடுத்துத்தான் கோப்பையே வாங்கினார்கள். அப்படித் தொடங்கிய போட்டியில் 2025-இல் முதல் பரிசு எவ்வளவு? 5 லட்சம் பவுண்டு. நம்ம கணக்கில் ஐந்து கோடிக்கு மேலே!

அம்மா, இந்த ஐந்து கோடியைப் பார்த்து மலைக்காதீர்கள். நான் மலைத்தது அதற்காக அல்ல. அந்தப் போட்டியின் பிரதான அரங்கில் 32 பேர் ஆடுகிறார்கள். முதல் சுற்றிலேயே தோற்று, பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறானே, அவனுக்கு எவ்வளவு தெரியுமா? 20,000 பவுண்டு. இருபது லட்சம் ரூபாய்க்கு மேல். தோற்றவனுக்கு! அங்கே தோற்றவன் கையில் காசோலை. இங்கே ஜெயித்தவன் கையில் கேடயம். வித்தியாசம் ஐந்து கோடியில் இல்லை நடுவர் அவர்களே, இங்கே இருக்கிறது! (பலத்த கைதட்டல்)

அமெச்சூருக்குத் திறமை குறைவு, அதனால் காசு குறைவு என்பார்கள். அதே 2025-இல் அந்த ஐந்து லட்சம் பவுண்டை வாங்கியவர் யார்? சீனாவின் ஷாவோ ஷின்தோங். அப்போது அவர் அமெச்சூர்! தகுதிச் சுற்றிலிருந்து ஆடி வந்து ஜெயித்தார். அப்படியானால் அமெச்சூர், தொழில்முறை என்ற கோடு கையில் இல்லை, கோலில் இல்லை. எந்தப் போட்டியின் வாசலில் நிற்கிறாய் என்பதில் இருக்கிறது.

எதிரணி நண்பர் சீட்டில் ஏதோ குறிக்கிறார். எனக்குத் தெரியும். ஷாவோ ஆட்ட முடிவு மோசடி விவகாரத்தில் இருபது மாதம் தடை பெற்றவராச்சே, பணம்தானே கெடுத்தது என்று கேட்பார். குழம்பில் உப்பு கரித்தால், போட்ட கையைக் கண்டிக்க வேண்டியதுதான். அதற்காக வீட்டில் உப்பே வாங்காதே என்று எந்த மாமியாராவது சொல்வாரா? (சிரிப்பு)

இன்னொன்றும் கேட்பார். பங்கஜ் அத்வானி 2012-இல் தொழில்முறைக்குப் போய், 2014-இல் அந்த அட்டையே வேண்டாமென்று திரும்பி வரவில்லையா? வந்தார். அமெச்சூர் களத்தில் உலகப் பட்டங்களாகக் குவித்தார். வணங்குகிறேன். ஆனால் அவருக்கு ஓ.என்.ஜி.சி. நிறுவனத்தில் வேலை இருக்கிறது. நெய்வேலிக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மாதம் பிறந்தால் சம்பளம் வரும் வீட்டில் பிள்ளை தைரியமாகக் கோலெடுத்து ஆடலாம். அந்தச் சம்பளம் இல்லாத வீட்டுப் பிள்ளை என்ன செய்யும்?

நம் வீட்டுக் கூடத்தில் பன்னிரண்டடி மேஜை போட முடியாது. நமக்கு அந்த மேஜை, கேரம் பலகை. வேப்பமரத்தடியில் நாலு பேர், கொஞ்சம் பவுடர், ஒரு ஸ்ட்ரைக்கர். அந்தப் பலகையிலிருந்து சென்னைக்காரர் மரிய இருதயம் உலகச் சாம்பியனாகி அர்ஜுனா விருது வாங்கினார். 2024-இல் ஆட்டோ ஓட்டுநர் மகள் காசிமா, அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்றாள். தமிழ்நாடு அரசு ஒரு கோடி ரூபாய் கொடுத்தது. நல்ல காரியம், கை தட்டுங்கள்! (கைதட்டல்) அதே நேரத்தில் சதுரங்கத்தில் உலகப் பட்டம் வென்ற குகேஷுக்கு அரசு ஐந்து கோடி கொடுத்தது. ஒன்றா ஐந்தா என்று ஊரெல்லாம் பட்டிமன்றம் போட்டது. நான் அந்தக் கணக்குக்குள் போகவில்லை. எனக்கு வேறு கணக்கு. இரண்டும் ஜெயித்த பிறகு வந்த பணம். ஜெயிக்கிறதுக்கு முந்தின நாள் ராத்திரி வரைக்கும் அந்த வீட்டில் அடுப்பு எரிய யார் பணம் கொடுத்தார்கள்?

ஏன் இப்படிக் கேட்கிறேன் தெரியுமா? நான் ஆசிரியர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கொரு மாணவன். இந்தப் பக்கத்துப் பிள்ளைதான். அப்பா முந்திரித் தோப்பில் கூலி. அவன் ஸ்ட்ரைக்கரைச் சுண்டினால் காய் குழியைத் தேடிப் போகும். மாவட்டத்தில் முதலிடம் வந்தான். பரிசு ஒரு கேடயம், ஒரு சுவர்க் கடிகாரம். மறுநாள் மேடையில் நான்தான் அவனைப் பாராட்டிப் பேசினேன். அரை மணி நேரம். தமிழ் என்னிடம் கொட்டிக் கிடக்கிறதே! பையன் தலை குனிந்து நின்றான். அடக்கம் என்று நினைத்தேன்.

மாநிலப் போட்டிக்கு அவன் போகவில்லை. கேட்டதற்கு, ‘காய்ச்சல் சார்’ என்றான். பத்து வருஷம் கழித்துப் பண்ருட்டி பஸ் நிலையத்தில் பார்த்தேன். பலாப்பழ மண்டியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தான். டீ வாங்கிக் கொடுத்தான். அப்போதுதான் சொன்னான்: ‘காய்ச்சல் இல்ல சார். போக வர பஸ்ஸுக்கும், தங்குறதுக்கும் காசு இல்ல. அந்தக் கடிகாரத்தை விக்கப் பார்த்தேன். யாரும் வாங்கலை.’

நடுவர் அவர்களே, நான் அவனுக்கு அரை மணி நேரம் பாராட்டுக் கொடுத்தேன். பஸ்ஸுக்குக் காசு இருக்கிறதா என்று ஒரு நிமிஷம் கேட்கவில்லை. எதிரணி இன்றைக்குப் பேசுகிற பேச்சையெல்லாம் நான் அன்றைக்கே பேசியவன். அதனால்தான் இன்றைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன்.

அமெச்சூருக்கும் ஐந்து கோடி கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. டிக்கெட் விற்று, தொலைக்காட்சி வந்து, அங்கே சேர்கிற பணம் வேறு. நான் கேட்பது சின்னது. போட்டி நடத்துகிறவர்கள் பந்தலுக்கும் மாலைக்கும் ஒதுக்குகிற பணத்தில் ஒரு பங்கைப் பயணப்படிக்கு வையுங்கள். முதல் சுற்றில் தோற்றவனுக்கும் ஊர் திரும்பக் காசு கொடுங்கள். தோற்றாலும் பட்டினி இல்லை என்று தெரிந்தால்தான் ஏழை வீட்டுப் பிள்ளை இரண்டாவது முறை ஆட வரும். இரண்டாவது முறை வந்தால்தானே அது ஜெயிக்கும்?

வள்ளுவர் பொருள் செயல்வகை என்று ஓர் அதிகாரமே வைத்தார். பொருளைத் தூசு என்று அவர் ஒதுக்கவில்லை. ஆகவே, ‘வாழ்க’ என்று கை தட்டுவதற்கு முன்னால், ‘சாப்பிட்டியாப்பா?’ என்று கேளுங்கள். அப்படிக் கேட்கிற பக்கம்தான் எங்கள் பக்கம். தீர்ப்பும் அந்தப் பக்கமே வரட்டும் என்று கேட்டு அமர்கிறேன். (நீண்ட கைதட்டல்)