பாறையின் ஓசை

இராயபுரம் புகைவண்டி நிலையத்தின் தூண்களை நாள்தோறும் பார்த்துக்கொண்டே துறைமுகத்துக்கு வேலைக்குச் செல்பவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். தென்னாட்டின் முதல் புகைவண்டி 1856ஆம் ஆண்டில் அங்கிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது. அந்த இருப்புப்பாதை பின்னர் சோலையார்பேட்டைக்கும் பெங்களூருக்கும் நீண்டது. வழியில் ஒரு கிளை பிரிந்து மாரிக்குப்பத்தில் போய் முடிந்தது. வட ஆர்க்காட்டு ஏழை உழவர்கள் அவ்வழியே கோலார் தங்கவயலுக்குச் சென்றார்கள். அதே மாவட்டத்தார் வேறு சிலர் எதிர்த்திசையில் வண்டியேறிச் சென்னை ஆலைகளுக்கு வந்தார்கள். ஆகையால் நான் சொல்லப்போவது உங்களுள் சிலருக்கு உறவினர் கதையாகவும் இருக்கலாம்.

அச்சுரங்கங்களை 1880ஆம் ஆண்டு முதல் நடத்தியவர்கள் ஜான் டெய்லர் என்ற ஆங்கிலேயக் கம்பெனியார். விடுதலைக்குப் பின் அவை அரசுடைமையாயின. 2001ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் மூடப்பட்டன. 120 ஆண்டுகளில் ஏறத்தாழ 800 டன் பொன்னும், அதனோடு கலந்து சிறிது வெள்ளியும் வெளிவந்தன. சாம்பியன் ரீப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே சென்றது. அத்தனை ஆழத்தில் பாறையே கொதிக்கும். வெப்பம் 60 பாகைக்கு மேல்.

நான் சென்றபோது இறங்கிப் பார்க்க எதுவும் இல்லை. நீர் இறைப்பது நின்றுவிட்டதால் கீழ்த்தளங்கள் மூழ்கிக் கிடந்தன. துருப்பிடித்த இரும்புக் கோபுரங்களும், அரைத்த மண் குவிந்து மலையான சயனைடு மேடுகளும்தாம் எஞ்சியிருந்தன. ஆனால் முப்பது ஆண்டுகள் கீழே மரமுட்டுக் கொடுக்கும் வேலை பார்த்த முதியவர் ஒருவர் என்னோடு நடந்து வந்தார். காணக் கிடைக்காததையெல்லாம் அவர் வாயால் கேட்டேன்.

கூண்டில் ஏறுமுன் தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாராம். பக்கத்தில் நிற்பவர் சிலுவைக் குறி போட்டுக்கொள்வாராம். மாரியம்மன் எல்லோருக்கும் பொது. பிறந்த ஊரில் கோயிலுக்குள் நுழைய இயலாதிருந்த ஆதிதிராவிடர்களே இங்குப் பெரும்பாலோர். அவர்கள் இங்கே தாங்களே அம்மனுக்குக் கோயில் எழுப்பிக் கரகம் எடுத்தார்கள். ஆயுத பூசையன்று துளைக்கும் கருவிகளுக்கும் சந்தனம், குங்குமம் உண்டு. நம் துறைமுகத்துப் பாரந்தூக்கிகளுக்கு மாலை போடுவோரிடம் இதை விளக்க வேண்டியதில்லை.

"கீழே போனால் சீழ்க்கை அடிக்கக் கூடாதுங்க ஐயா. பாறை பேசும், அதைக் கேட்க விடாமல் நாம் சத்தம் போட்டால் ஆத்தாளுக்குக் கோபம் வரும்" என்றார் முதியவர்.

இது எனக்கு வியப்பாக இருந்தது. ஏனெனில் தங்கவயலுக்கு மேஸ்திரிகளாக வந்த வெள்ளையர்களில் பலர் இங்கிலாந்தின் கார்ன்வால் நாட்டுச் சுரங்கத்தார். அவர்களும் பூமிக்கடியில் சீழ்க்கை அடிக்கமாட்டார்கள். பாறைக்குள் குள்ள ஆவிகள் இருந்து தட்டி எச்சரிக்கின்றன என்று நம்பி, உணவில் ஒரு துண்டை அவற்றுக்கென்று விட்டுவைப்பார்கள். யாரிடமிருந்து யார் கற்றார்கள் என்ற ஆராய்ச்சி எனக்கு அவசியமாகப் படவில்லை. இருட்டில் ஒரே ஆபத்தைக் கேட்டவர்களுக்கு ஒரே எண்ணம் தோன்றியிருக்கலாம். ஜெர்மானிய வெள்ளிச் சுரங்கங்களிலும் இப்படியே. வெள்ளி போலத் தோன்றி, உருக்கினால் நச்சுப்புகையை மட்டும் தந்த தாதுவைக் 'கோபோல்ட்' என்ற குட்டிச்சாத்தானின் வேலை என்றார்கள். 18ஆம் நூற்றாண்டில் அதிலிருந்து பிரித்தெடுத்த உலோகத்துக்குக் கோபால்ட் என்று அப்பேயின் பெயரே நிலைத்துவிட்டது.

இவற்றை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் பாறை உண்மையாகவே பேசுகிறது. வெட்டியெடுத்த வெற்றிடத்தைச் சுற்றி மேலுள்ள பளு அழுத்தும்போது பாறை நுண்ணிய வெடிப்புகளோடு முறுகி ஒலிக்கும். தாங்கும் எல்லை கடந்தால் வெடித்துச் சிதறும். அதற்குத் தங்கவயலில் 'ஏர் பிளாஸ்ட்' என்று பெயர். அது கொண்டுபோன உயிர்கள் பல. அந்த ஒலிகளைக் கருவிகளால் பதிவுசெய்து ஆராய்ந்தார்கள். 1988இல் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனமும் அங்கேயே தோன்றியது. அம்மனின் கோபத்துக்கு அஞ்சி வாய்மூடியிருந்தவனும் அந்த ஓசைக்கே காது கொடுத்திருந்தான்.

முதியவர் பேச்சினிடையே அடிக்கடி இருமினார். தூசியைப் பற்றி ஏதேனும் ஐதிகம் உண்டா என்று கேட்டேன். சற்று யோசித்தார்.

"தூசிக்கு என்னங்க ஐயா சாமி? அது எப்போதும் இருப்பதுதானே?"

ஓசையை எச்சரிக்கையாகக் கொண்ட அம்மக்களுக்கு ஓசையின்றி வந்த எதிரியைச் சொல்ல ஒரு கதை இல்லை. படிகக்கல்லைத் துளைக்கும்போது எழும் நுண்துகள் நுரையீரலில் படிந்து, ஆண்டுக்கணக்கில் மூச்சை அடைக்கும். மருத்துவர்கள் இதைச் சிலிகோசிஸ் என்பார்கள். 1940 முதல் 1946 வரை தங்கவயலில் 7,653 தொழிலாளரைச் சோதித்தபோது நூற்றுக்கு 43.7 பேரிடம் இந்நோய் காணப்பட்டது. துளைக்கும் இடத்தில் நீரைப் பாய்ச்சியும், நல்ல காற்றைச் செலுத்தியும் தூசியை அடக்கலாம் என்பது அப்போதே தெரிந்திருந்தது. அதைச் செய்யும் பொறுப்பு தரையைத் தொட்டு வணங்கிக் கூண்டேறியவனுடையதன்று, நிருவாகத்தினுடையது.

கோபுரங்களைச் சுற்றிவிட்டு மாரியம்மன் கோயிலுக்குத் திரும்பினோம். திருவிழாவுக்குப் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு மாலை வண்டியில் வந்திறங்கிய இளைஞர்கள் வீட்டுக்குக்கூடப் போகாமல் மூங்கில் சுமக்க வந்துவிட்டார்கள். அவர்களில் எவரும் கூண்டில் இறங்கியவர்களல்லர்.