மேசைமீது நின்ற விமானங்கள்



பழைய பயணி விமானங்களின் சிற்றுருவங்களைச் சேகரிப்போர் இங்கிலாந்தில் நடத்திய கண்காட்சி ஒன்றுக்குச் சென்றிருந்தேன். விலை பேசுவோரின் ஆரவாரம் நம்மூர்ச் சந்தையை நினைவூட்டிற்று. சிறுவர் கைபடாத பொம்மைக்கே அங்கு மதிப்பு மிகுதி. அதன் அட்டைப்பெட்டியும் இருந்துவிட்டால் விலை இன்னும் ஏறும். விளையாடவென்று செய்த பொருளுக்கு இது விந்தையான விதிதான்!

லிவர்பூலில் வார்க்கப்பட்ட டிங்கி கொமெற் ஒன்று என்னை நிறுத்தியது. சேவையில் ஈடுபட்ட முதலாவது ஜெட் பயணி விமானம் கொமெற். 1952 மே 2ஆம் நாள் இலண்டனிலிருந்து ஜொகன்னஸ்பேர்க்குக்குப் பறந்த அது, அவ்வாண்டு ஆகஸ்டிலே நமது கொழும்புக்கும் வந்தது. 1954 சனவரியிலும் ஏப்ரலிலும் இரண்டு கொமெற்றுகள் இத்தாலிக்கருகே நடுவானில் உடைந்து கடலில் வீழ்ந்தன. எவரும் பிழைத்திலர். பாண்பரோ ஆய்வாளர் ஒரு கொமெற்றின் உடலை நீர்த்தொட்டியில் அமிழ்த்தி, உள்ளழுத்தத்தை ஓயாது ஏற்றி இறக்கினர். ஈற்றில் திறப்பொன்றின் மூலையிலே தகடு பிளந்தது. உலோகக் களைப்பே காரணம் என்று தெளிந்தனர். பொம்மைக் கொமெற் கடைக்கு வந்ததும் அதே 1954இலேதான்.

அடுத்த மேசையில், போருக்கு முந்திய சிற்றுருவம் ஒன்று பஞ்சின்மேற் கிடந்தது. துத்தநாகக் கலவையிற் காரீயம் சிறிது கலந்துவிட்டாலும், காலப்போக்கில் உள்ளிருந்தே வெடித்து உதிரும், அதற்கு மருந்தில்லை. அதனைத் தொட உரியவர் எவரையும் விடவில்லை.

கொமெற்றை முதியவர் ஒருவர் வாங்கினார். சக்கரங்கள் சுழல்கின்றனவா என்று மேசைமீது உருட்டிப் பார்த்த பின்னரே பணத்தை எண்ணிக் கொடுத்தார்.